இறக்கும்போது நனைந்த சரக்கு: கப்பல்காரன் தருவானா?

கேள்வி, 2 நவம்பர் 2025

தூத்துக்குடிக்கு மூட்டை மூட்டையாக முந்திரிக் கொட்டை வந்தது. பாதி இறக்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஹேட்ச் மூடி, அதாவது சரக்கு அறையின் மேல்வாய் மூடி, திறந்தே கிடந்தது, மேலடுக்கு முழுக்க நனைந்துவிட்டது. கப்பல்காரனுக்கு எழுதினால் "மாலுமிகளின் தவறுக்கு நாங்கள் பொறுப்பில்லை, பில் ஆஃப் லேடிங் (சரக்கு ரசீது) பின்பக்கம் பார்க்கவும்" என்று ஒரு வரியில் பதில் வருகிறது. தப்பு செய்தவனே தப்புதான் என்று ஒத்துக்கொண்டு காசு தரமாட்டேன் என்று சொல்ல சட்டத்தில் இடம் இருக்கிறதா?

3 நவம்பர் 2025

இடம் இருக்கிறது. நூறு வருஷமாக இருக்கிறது.

1924-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான ஹேக் விதிகளில், நான்காம் உறுப்பு, இரண்டாம் விதி, முதல் உட்பிரிவு. கேப்டன், மாலுமி, பைலட் என்று கப்பல்காரரின் ஆட்கள் யாராவது கப்பலை ஓட்டுவதிலோ நிர்வகிப்பதிலோ தவறு செய்து அதனால் சரக்கு கெட்டால் கப்பல்காரர் பொறுப்பாகமாட்டார். "எங்கள் ஆள் கவனக்குறைவாகத்தான் இருந்தான், அதனால்தான் எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாதாடலாம். லாரிக்காரர் யாராவது கோர்ட்டில் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அதே விதிகளில் மூன்றாம் உறுப்பும் இருக்கிறது. சரக்கை ஏற்றுவது, கையாள்வது, அடுக்குவது, கொண்டுபோவது, வைத்திருப்பது, பார்த்துக்கொள்வது, இறக்குவது, இந்த ஏழையும் ஒழுங்காகவும் கவனமாகவும் செய்தாக வேண்டும்.

இரண்டும் மோதும் இடத்தில்தான் உங்கள் மூட்டைகள் நனைந்து கிடக்கின்றன. கப்பலைப் பார்த்துக்கொள்வதில் நடந்த தவறா, சரக்கைப் பார்த்துக்கொள்வதில் நடந்த தவறா? மழைக்கு ஹேட்ச் மூடாமல் விட்டது இரண்டாவது வகை. உங்களுக்கு ஒரு வரி பதில் போட்டவர் தப்பான உட்பிரிவைப் பிடித்துத் தொங்குகிறார். அந்நாளில் பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையே இதைத் தீர்த்து வைத்துவிட்டது. நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொக்குகிறது.

4 நவம்பர் 2025

கப்பல் பெயர் கனடியன் ஹைலேண்டர். உரிமையாளர் கனடா அரசின் வணிகக் கப்பல் நிறுவனம். வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில் தகரத் தகடுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வான்கூவர் போகவேண்டிய கப்பல். சரக்குக்காரர் காஸ் மில்லர்ட், பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் மீனை டின்னில் அடைக்கிற கம்பெனி. டின் செய்யத்தான் தகடு.

நடுவில் லிவர்பூலில் கப்பலின் பின்பக்கம் அடிபட்டு ரிப்பேருக்குப் போனது. புரொப்பல்லர் தண்டைக் கழற்றி வேலை பார்க்க வேலையாட்கள் பின்புற ஹோல்டுக்குள், அதாவது சரக்கு அறைக்குள், ஏறி இறங்கினார்கள். அதற்காக ஹேட்ச் பலகையை எடுத்தார்கள். எடுத்தது சரி, ஆள் போகாத நேரத்தில் தார்ப்பாய் போட்டு மூடவில்லை. லிவர்பூல் மழை பற்றிச் சொல்லவேண்டுமா? நல்ல தண்ணீர் உள்ளே இறங்கி தகடெல்லாம் துரு.

கப்பல்காரர் வாதம்: ரிப்பேர் என்பது கப்பலை நிர்வகிப்பது, ரிப்பேருக்காகத்தான் ஹேட்ச் திறந்தது, ஆகவே முதல் உட்பிரிவு எங்களைக் காப்பாற்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கீழ்நீதிமன்றம் ஏற்கவில்லை. மேல்முறையீட்டில் ஏற்றார்கள், ஆனால் அங்கே கிரீர் என்ற நீதிபதி தனித்து மறுத்து எழுதினார். கடைசியில் பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. 1929 தீர்ப்புத் தொகுதியில் இருக்கிறது.

கிரீர் போட்ட கோடு, என் வார்த்தையில்: கப்பலுக்கோ அதன் ஒரு பாகத்துக்கோ காட்டவேண்டிய கவனத்தில் குறை வைத்து அதனால் சரக்கு கெட்டால் கப்பல்காரர் தப்பலாம். சரக்கைக் காப்பதற்காகவே கப்பலில் இருக்கிற ஒரு சாதனத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் தப்ப முடியாது.

தார்ப்பாய் கப்பலுக்காகவா இருக்கிறது? துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிற கப்பலுக்கு நாலு வாளி மழைத்தண்ணி ஒரு பொருட்டா? சரக்குக்குத்தான் தார்ப்பாய். ஆகவே காசு கொடு.

உங்கள் வழக்கு இதைவிட எளிது. அங்கே ரிப்பேர் என்று ஒரு சாக்காவது இருந்தது. இங்கே ஹேட்ச் திறந்ததே உங்கள் மூட்டையை எடுக்கத்தான்.

4 நவம்பர் 2025, இரவு

"அப்போ தண்ணி பட்டாலே ஜெயிச்சிடலாமா சார்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். தம்பி, அதற்குள் இனிப்பு வாங்கிவிடாதீர்கள். க்ளெனோகில் என்ற கப்பலின் வழக்கு இருக்கிறது.

6 நவம்பர் 2025

க்ளெனோகில். 1896 இங்கிலாந்துத் தீர்ப்புத் தொகுதி. ஹேக் விதிகள் பிறப்பதற்கு முன்னால், ஆனால் மேலே சொன்ன முதல் உட்பிரிவின் தாத்தா அங்கேதான் இருக்கிறார். அமெரிக்கா 1893-இல் ஹார்ட்டர் சட்டம் என்று ஒன்று போட்டது. பேரம்: கப்பல்காரர் சரக்கு விஷயத்தில் எல்லாப் பொறுப்பையும் ஒப்பந்தத்தில் தட்டிக்கழிப்பதை நிறுத்தவேண்டும். பதிலுக்கு, கடலோடத் தகுந்த கப்பலைத் தரத் தேவையான அக்கறை எடுத்திருந்தால், ஓட்டுவதிலும் நிர்வகிப்பதிலும் ஆட்கள் செய்யும் பிழைக்கு விலக்கு. கேட்டவரின் கப்பல்காரர் எழுதிய அந்த ஒரு வரி இந்தப் பேரத்திலிருந்து வந்தது.

சரக்கு பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு. கப்பல் துறைமுகம் சேர்ந்துவிட்டது, இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். கீழே உள்ள பாரத்தை எடுக்க எடுக்கக் கப்பலின் எடைமையம் மேலே ஏறும், கப்பல் தள்ளாட ஆரம்பிக்கும். அதைத் தடுக்க அடித்தட்டு பேலஸ்ட் தொட்டியில் கடல்நீர் நிரப்புவார்கள். எஞ்சினியர் அதைத்தான் செய்தார். ஆனால் வழியில் அடித்த புயலில் தொட்டியின் ஆழம் பார்க்கும் குழாயும் அதன் உறையும் உடைந்திருந்தன. அவர் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீர் உடைசல் வழியாக ஹோல்டுக்குள் வந்து பிண்ணாக்கை ஊறவைத்துவிட்டது.

கப்பல்காரர் ஜெயித்தார். தொட்டியில் நீர் நிரப்புவது கப்பல் நிமிர்ந்து நிற்பதற்கான வேலை, சரக்குக்கான வேலை அல்ல, அந்த வேலையில் நடந்த அஜாக்கிரதை சரக்கைப் போய்ச் சேர்ந்தது தற்செயல் என்றார்கள் இரண்டு நீதிபதிகளும்.

நாலு வருஷம் கழித்து ராட்னி வழக்கு. மாலுமிகள் படுக்கிற முன்பக்க அறையில் தண்ணீர் தேங்கிவிட்டது. வடிகுழாய் அடைப்பை எடுக்கிறேன் என்று கம்பியை விட்டுக் குத்தியதில் குழாயே உடைந்தது, தண்ணீர் சரக்குக்குப் போனது. அதுவும் கப்பல் நிர்வாகம்தான், காசு கிடையாது.

ஆக ஒரே ஹோல்டு, ஒரே சரக்கு, ஒரே அளவு தண்ணீர். மேலே ஹேட்ச் வழியாக வந்தால் காசு உண்டு, கீழே பேலஸ்ட் குழாய் வழியாக வந்தால் காசு இல்லை.

7 நவம்பர் 2025

க்ளெனோகில் எனக்கு ஜீரணமாகவில்லை. நேற்று எழுதி முடித்துவிட்டுப் படுத்தபிறகும் அதே நினைப்பு.

எதற்காகத் தொட்டியை நிரப்பினார்கள்? சரக்கை இறக்கியதால். இறக்காமல் இருந்திருந்தால் நிரப்பவேண்டிய தேவையே இல்லை. அப்படியானால் அது இறக்குகிற வேலையின் ஒரு பகுதிதானே? மூன்றாம் உறுப்பில் இறக்குவது என்று தனியாகவே எழுதியிருக்கிறதே?

மறுபக்கமும் யோசித்தேன். இந்த வழியில் போனால் துறைமுகத்தில் கப்பலில் நடக்கிற எல்லாமே இறக்கும் வேலை ஆகிவிடும். கயிறு இழுப்பது, ஜெனரேட்டர் ஓட்டுவது, எல்லாம். முதல் உட்பிரிவுக்கு நடுக்கடலில் மட்டும்தான் உயிர் இருக்கும். விதியை எழுதினவர்கள் அப்படி நினைத்திருந்தால் ஓட்டுவது என்ற ஒரு சொல் போதும், நிர்வகிப்பது என்று இன்னொன்றைச் சேர்த்திருக்கவேண்டாம். அந்தக் கணக்கில் நீதிபதிகள் சொன்னது சரி. விதிதான் அநியாயம், தீர்ப்பு அல்ல.

1978 ஹாம்பர்க் விதிகளில் இந்த விலக்கையே தூக்கிவிட்டார்கள். 2008 ராட்டர்டாம் விதிகளிலும் இல்லை, ஆனால் அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. நம் நாடு 1925 கடல்வழிச் சரக்குச் சட்டத்தோடு ஒரு நூற்றாண்டு ஓட்டிவிட்டு 2025-இல் புதுச் சட்டம் போட்டது. சட்டையை மாற்றினார்கள், ஹேக் விதிகளின் எலும்புக்கூடு அதேதான்.

ஒன்று கவனியுங்கள். க்ளெனோகிலில் குழாய் உடைந்தது வழியில். கிளம்பும்போதே உடைந்திருந்தால் கதை வேறு. அப்போது கடலோடத் தகுதியான கப்பலைத் தரத் தேவையான அக்கறை காட்டினாயா என்ற கேள்வி முதலில் வரும், அதில் தோற்றால் விலக்கெல்லாம் எட்டாது. அதனால் பேலஸ்ட் தண்ணி என்று கப்பல்காரர் சொன்னால் குழாய் எப்போது உடைந்தது என்று கேளுங்கள். துருவைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். புது உடைசல் பளபளக்கும்.

9 நவம்பர் 2025

எந்தத் தண்ணீர் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். சில்வர் நைட்ரேட். நாங்கள் சேதம் பார்க்கும் சர்வேக்குப் போனால் சட்டைப்பையில் சின்ன பாட்டில் இருக்கும். ஈரத்தின் மேல் இரண்டு சொட்டு. பால் மாதிரி வெள்ளையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது, அதாவது உப்பு, அதாவது கடல்நீர். திரியவில்லை என்றால் நல்ல தண்ணீர்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஒருமுறை எஃகுச் சுருள் கப்பல். சொட்டு விட்ட இடமெல்லாம் வெள்ளை. சரக்குக்காரர் அங்கேயே குதிக்கிறார், "கடல்தண்ணி உள்ள வந்திருக்கு, ஹேட்ச் ரப்பர் போச்சு, எழுதுங்க சார் எழுதுங்க." ஹேட்ச் ரப்பரைப் பார்த்தால் புதுசு. ஓரங்களில் ஒழுகின தடம் ஒன்றுகூட இல்லை. சுருளின் மேல்முகத்தில் மட்டும் வெள்ளை, பக்கவாட்டில் இல்லை. பக்கத்து பெர்த்தை, அதாவது அடுத்த கப்பல் கட்டியிருந்த இடத்தை, திரும்பிப் பார்த்தேன். கிராப் போட்டுப் பொட்டாஷ் உரம் அள்ளிக்கொண்டிருந்தார்கள், காற்று எங்கள் பக்கம். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்பதே பொட்டாசியம் குளோரைடு. தூசி பறந்து சுருள்மேல் படிந்து, தூறலில் கரைந்து, என் பாட்டிலுக்குக் கடல்நீர் வேஷம் போட்டிருக்கிறது.

திரியாவிட்டால் மழை என்றும் சொல்லிவிட முடியாது. குளிர்நாட்டில் ஏற்றின எஃகு சில்லென்று இருக்கும். நம் ஊரில் ஹேட்ச் திறந்ததும் புழுக்கக் காற்று உள்ளே போய்ச் சுருள்மேல் வேர்த்துக்கொட்டும். அதுவும் நல்ல தண்ணீர்தான், பாட்டிலுக்கு வித்தியாசம் தெரியாது. எங்கே நனைந்திருக்கிறது, எந்த வடிவத்தில், எத்தனை அடுக்கு ஆழம், மேலிருந்து கீழா கீழிருந்து மேலா, இதைப் படம் வரைந்து வைக்காத சர்வே ரிப்போர்ட் காகித வீண்.

முந்திரிக்கும் அதேதான். மேலடுக்கு, ஹேட்ச் வாய்க்கு நேர்கீழே, சதுரமாக நனைந்திருந்தால் மழை. பக்கச் சுவரை ஒட்டிக் கோடு கோடாக என்றால் கப்பல் வேர்வை. அடியடுக்கு என்றால் க்ளெனோகில் பக்கம் யோசிக்கவேண்டும்.

9 நவம்பர் 2025, சற்று கழித்து

நனைந்த கொட்டையைப் பிரித்துக் காயவைத்தீர்களா? நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எதிர்த்தரப்பு முதல் கேள்வியே அதைத்தான் கேட்கும். பூஞ்சை பிடித்தால் அவுட்டர்ன், அதாவது கொட்டையில் தேறுகிற பருப்பின் அளவு, போச்சு. வெயிலில் போடுங்கள் என்று சொல்ல வந்தேன், வானத்தைப் பார்த்தேன், நவம்பர் மாதம் தூத்துக்குடியில் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. டிரையர் வாடகைக்கு எடுத்தால் பில்லை வைத்துக்கொள்ளுங்கள், அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

12 நவம்பர் 2025

கேட்டவர் சார்ட்டர் காகிதத்தை, அதாவது கப்பலை வாடகைக்கு எடுத்த ஒப்பந்தத்தை, படம் எடுத்து அனுப்பினார். நான் பயந்தது அதில் இருக்கிறது. ஏற்றுவது, இறக்குவது, அடுக்குவது எல்லாம் கப்பலுக்குச் செலவில்லாமல். இறக்குகிற கூலி கேங்கை வைத்தது இவர் தரப்பு.

ஜோர்டான் II என்ற வழக்கைப் பாருங்கள். மும்பையிலிருந்து ஸ்பெயினின் மோத்ரில் துறைமுகத்துக்கு எஃகுச் சுருள் போனது, ஜிண்டால் சரக்கு. சேதம் ஏற்றியதிலா, அடுக்கியதிலா, இறக்கியதிலா என்று பிரச்சினை. 2004-இல் பிரபுக்கள் சபை சொன்னது: இந்த வேலைகளைச் சரக்குத் தரப்பு செய்வது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக மாற்றி எழுதிக்கொண்டால், அதில் நடக்கும் பிழைக்குக் கப்பல்காரர் பொறுப்பில்லை. மூன்றாம் உறுப்பு கப்பல்காரர் தன் தலைமேல் எடுத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறது. எல்லா வேலையையும் அவரே செய்யவேண்டும் என்று சொல்லவில்லை.

வயிறு கலங்கவேண்டாம். செலவு யாருடையது என்பது வேறு, பொறுப்பு யாருடையது என்பது வேறு. கூலி யார் தருவது என்று மட்டும் எழுதியிருந்தால் பொறுப்பு தானாக இடம் மாறாது. உங்கள் காகிதத்தில் எந்த அளவுக்கு எழுதியிருக்கிறது என்று வக்கீல் வரி வரியாகப் படிக்கவேண்டும். சார்ட்டரில் உள்ள அந்த வரி பில் ஆஃப் லேடிங்குக்குள் ஒழுங்காகக் கொண்டுவரப்பட்டிருக்கிறதா என்பதும் தனிக் கேள்வி.

அடுத்தது, ஹேட்ச் மூடியை மூடுவது யார் வேலை? நான் பார்த்த கப்பல்களில் எல்லாம் கப்பல் ஆட்கள்தான். ஹைட்ராலிக் லீவரை ஸ்டீவ்டோர், அதாவது சரக்கு இறக்குகிற ஆள், தொட்டால் சீஃப் ஆபீசர் கத்துவார். மூட்டை தூக்குவது கேங் வேலை, மேகம் கறுக்கிறதா என்று பார்ப்பதும் மூடுவதும் கப்பல் வேலை. என்னைக் கேட்டால் இந்த இடத்தில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? "நாங்க மூடச் சொன்னோம், கேங் மூட்டை தூக்குற ஸ்லிங்கை உள்ளேயே விட்டுட்டு டீக்குப் போயிட்டாங்க."

ரெயின் லெட்டர் கொடுத்தீர்களா? மழை தூறினாலும் இறக்குங்கள், எங்கள் பொறுப்பு என்று சரக்குத் தரப்பு கேப்டனுக்கு எழுதித் தருகிற கடிதம். லாரி காத்திருக்கிறது, பெர்த் வாடகை ஓடுகிறது என்ற அவசரத்தில் யாராவது குமாஸ்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். முதலாளிக்கே தெரிந்திருக்காது. விசாரியுங்கள்.

13 நவம்பர் 2025

கொடுக்கவில்லையாம். நல்லது.

16 நவம்பர் 2025

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் வந்தது. அதற்குமுன் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் வெளியே நங்கூரம் போடும், சரக்கு தோணியில் இறங்கிக் கரைக்கு வரும். என் பெரியப்பா அந்தத் தோணிகளில் டாலி, அதாவது மூட்டைக் கணக்கு, எழுதினவர். அலை அடித்து மூட்டை நனைவது அன்றாடம். "கப்பல் கை விட்டது எப்போ, தோணி கை பிடிச்சது எப்போ, அதைத்தான்டா மொதலாளிமாருங்க ராத்திரி பூரா பேசுவாங்க" என்பார்.

அதே சண்டை 1929-இல் லண்டன் கோர்ட்டில் வந்திருக்கிறது. குட்வின் ஃபெரேரா என்ற வணிகர், லாம்போர்ட் அண்ட் ஹோல்ட் கப்பல் கம்பெனி. வணிகரின் சரக்கு கப்பலிலிருந்து படகுக்கு இறங்கிவிட்டது. அதே படகில் மற்றவர்களின் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெட்டியிலிருந்து இயந்திரம் நழுவி விழுந்து படகில் ஓட்டை போட்டது. கடல்நீர் புகுந்து, ஏற்கெனவே இறங்கிய சரக்கு நாசம்.

இறங்கியாச்சே, ஹேக் விதிகள் அதோடு முடிந்ததே என்றால் கப்பல்காரருக்கு அந்த விதிகளின் விலக்குகளும் கிடையாது. வணிகர் அப்படித்தான் வாதாடினார். நீதிபதி ரோச் ஏற்கவில்லை. படகில் ஏற்றி முடியும்வரை இறக்கும் வேலை நடந்துகொண்டேயிருக்கிறது, விதிகளும் கூடவே இருக்கின்றன. பெட்டி கட்டியது சரியில்லாமல் விழுந்ததில் கப்பல் ஆட்களின் குறை எதுவும் இல்லை என்பதால் கப்பல்காரர் தப்பினார்.

இறக்குவது நீண்டுகொண்டே போனால் சரக்குக்காரருக்கு லாபம் என்று நாம் நினைப்போம். இங்கே அது அவர் கழுத்தையே பிடித்தது. பெரியப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

19 நவம்பர் 2025

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, ஏன் இவ்வளவு மண்டையை உடைக்கிறீர்கள் என்று ஒருவர். கேட்டவரின் பாலிசியை வாங்கிப் பார்த்தேன். பி கிளாஸ்.

மரைன் கார்கோ இன்ஷூரன்ஸில் ஏ, பி, சி என்று மூன்று. ஏ என்றால் விலக்கு சொன்னவை தவிர எல்லா ஆபத்தும். பி என்றால் பட்டியலில் உள்ளவை மட்டும். அந்தப் பட்டியலில் தண்ணீர் உண்டு: கடல்நீர், ஏரிநீர், ஆற்றுநீர் கப்பலுக்குள்ளோ சரக்கு இருக்கும் இடத்துக்குள்ளோ புகுந்தால். மழைநீர்? இல்லை. வானத்திலிருந்து விழுகிற தண்ணீருக்கு பி பாலிசியில் பெயரே கிடையாது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். ஹேட்ச் வழியாக மழை வந்தால் கப்பல்காரர் தரவேண்டும், பி பாலிசி தராது. பேலஸ்ட் குழாய் வழியாகக் கடல்நீர் வந்தால் பி பாலிசி தரும், கப்பல்காரர் தப்பிப்பார். மழைக்காலத்தில் மூட்டைச் சரக்கு வரவழைக்கிறவர்கள் சில ஆயிரம் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க பி எடுக்கிறார்கள். எத்தனை பேரிடம் சொல்லி ஓய்ந்துவிட்டேன். கையில் மிஞ்சுவது கப்பல்காரர் மட்டும்தான். அதனால்தான் மண்டையை உடைக்கிறோம்.

23 நவம்பர் 2025

ஹேட்ச் மூடவில்லை என்று நாங்கள்தான் நிரூபிக்கவேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் சரக்குத் தரப்புக்குச் சமீபத்தில் ஒரு நல்லகாலம்.

கொலம்பியாவின் புவனவெந்தூராவிலிருந்து ஜெர்மனிக்கு 2012-இல் காப்பிக்கொட்டை மூட்டைகள் கன்டெய்னரில் போயின. காற்றோட்டம் இல்லாத கன்டெய்னர், உள்ளே கிராஃப்ட் பேப்பர் ஒட்டி அனுப்பினார்கள். வழியில் வேர்த்து மேல் மூட்டைகள் நனைந்தன. காப்பிக்கொட்டை ஈரத்தை விடுவது அதன் இயல்பு, எங்கள் குற்றமில்லை என்றார் கப்பல்காரர். 2018 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வோல்காஃபே வழக்கில் சொன்னது: நல்ல நிலையில் வாங்கினாய், கெட்ட நிலையில் கொடுத்தாய், கவனமாக இருந்தேன் என்று நிரூபிக்கிற சுமை உன்மேல். சரக்கின் இயல்பு என்று சொன்னாலும் அந்த இயல்புக்குத் தக்க கவனம் எடுத்தேன் என்று காட்டுகிற சுமையும் உன்மேல். 1894-லிருந்து வந்த ஒரு பழைய தீர்ப்பையே இதற்காக ஓரங்கட்டினார்கள்.

இந்திய கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனால் வக்கீல் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம்.

இதே பிடியில் 7-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் பார்க்கிறேன். க்ளெனோகிலில் எஞ்சினியர் குழாயைப் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சுமை யார் மேல் என்ற பேச்சே தேவைப்படவில்லை. பெரும்பாலான வழக்கில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்றே தெரியாது. அங்கே சுமையை யார் தூக்குகிறார் என்பதே பாதித் தீர்ப்பு. முதல் உட்பிரிவைப் பிடிக்கிற கப்பல்காரர், இது கப்பல் நிர்வாகத் தவறுதான் என்று தன் ஆளைத் தானே குற்றவாளி ஆக்கி நிரூபிக்கவேண்டும். மழைநாளில் எந்த சீஃப் ஆபீசர் அப்படி வாக்குமூலம் கொடுப்பார்?

27 நவம்பர் 2025

சரக்கு எங்கே ஏறியது என்று இத்தனை நாள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தான்சானியா, ம்ட்வாரா துறைமுகம். அடடா.

நம் சட்டம், 1925-இன் பழையதானாலும் 2025-இன் புதியதானாலும், இந்தியத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சரக்குக்குத்தான் தானாகப் பொருந்தும், வருகிற சரக்குக்கு அல்ல. தான்சானியா 1979-இலேயே ஹாம்பர்க் விதிகளில் சேர்ந்த நாடு. அந்த விதிகளில் மாலுமி தவறு என்ற விலக்கே கிடையாது. சரக்கு கப்பல்காரர் கையில் இருக்கும்போது சேதம் என்றால் அவர் குறை என்றே ஊகிப்பார்கள்.

உடனே குதிக்கவேண்டாம். இந்தியா அதில் சேரவில்லை. இங்கே வழக்குப் போட்டால் கோர்ட் முதலில் பார்ப்பது பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தில் எந்தச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிற வரியை. ஏற்றிய நாட்டின் சட்டம் என்று அந்த வரி இருந்தால் ஹாம்பர்க்குக்கு வாதாட இடம் இருக்கிறது. ஹேக் விதிகள் என்று மொட்டையாக இருந்தால் கனடியன் ஹைலேண்டர். இரண்டிலும் மழை வழக்கு உங்கள் பக்கம்தான் சாய்கிறது, ஹாம்பர்க்கில் கொஞ்சம் கூடுதலாக.

மூட்டைக்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்டிருந்தார். ஹேக் விதிகளின் திருத்திய வடிவமான ஹேக் விஸ்பி என்றால் ஒரு உருப்படிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்-இன் கணக்கு நாணயம்) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. எண்பது கிலோ முந்திரி மூட்டை அந்த விலைக்குப் பக்கத்தில்கூட வராது. வரம்பை மறந்துவிடுங்கள்.

2 டிசம்பர் 2025

ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ், அதாவது துறைமுகத்தில் எப்போது என்ன நடந்தது என்ற நேரக் குறிப்பு, வந்துவிட்டது. ஏஜெண்ட், கேப்டன், சரக்கு பெறுகிற ரிசீவர் மூன்று பேர் கையெழுத்து. மழை ஆரம்பம் 14.10. ஹேட்ச் மூடியது 14.15. ஐந்தே நிமிஷம்! இவருடைய டாலி கிளார்க் தன் நோட்டில் எழுதியது: மழை 14.10, ஹேட்ச் மூடியது 14.55.

எந்த நோட்டை நம்புவது? மடிப்பு ஹேட்ச் மூடி, இரண்டு ஹோல்டிலும் வேலை நடக்கிறது, ஸ்லிங் தொங்குகிறது, கிரேனை ஒதுக்கவேண்டும். மழை தொட்ட ஐந்தாம் நிமிஷம் எல்லாம் மூடிப் பூட்டியாச்சு என்றால் நான் நம்பமாட்டேன். அடுக்கில் மூன்று மூட்டை ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருக்கிறது, ஐந்து நிமிஷ மழைக்கு அது முடியாது. இவர் தரப்பு ஆள் ஸ்டேட்மென்ட்டில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டதுதான் வலி. "மழை நேரத்தை ஏற்கவில்லை" என்று பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். வாட்ஸாப்பில் யாராவது திறந்த ஹேட்ச் படம் எடுத்திருந்தால் நேரத்தோடு எடுத்து வையுங்கள். கேங் பையன்களில் ஒருவனாவது ரீல்ஸ் எடுத்திருப்பான்.

5 டிசம்பர் 2025

எடுத்திருக்கிறான். 14.38. மழை கொட்டுகிறது, பின்னால் ஹேட்ச் வாய் பிளந்து நிற்கிறது, பின்னணியில் பாட்டு வேறு. அசல் ஃபைலை அந்த போனிலிருந்து அழிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், ஃபார்வர்டு ஆனதை வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை.

11 டிசம்பர் 2025

வழக்கு எங்கே என்று கேட்டவருக்கு. 2017 அட்மிரால்டி (கடல்வழக்கு) சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சரக்குச் சேதத்துக்காகக் கப்பலையே பிடித்து நிறுத்தலாம், அதே உரிமையாளரின் வேறு கப்பல் வந்தாலும் பிடிக்கலாம். பிடிப்பதற்கு முன்னாலேயே பெரும்பாலும் கப்பல்காரர்களின் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கமான பி அண்ட் ஐ கிளப் தொகைக்கு உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும், கப்பல் ஒருநாள் நின்றால் அவர்களுக்கு ஆகும் செலவு உங்கள் மூட்டை விலையைத் தாண்டும்.

சேதம் வெளியே தெரிந்தால் சரக்கு எடுக்கும்போதே, தெரியாவிட்டால் மூன்று நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். சேர்ந்து சர்வே பண்ணினதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒரு வருஷக் கெடு டெலிவரி தேதியிலிருந்து ஓடுகிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் அது நிற்காது. கப்பல் தரப்பு இனிக்க இனிக்க மெயில் போட்டுக்கொண்டே பதினொரு மாதம் கடத்தும். கெடுவை நீட்டிக்கச் சம்மதம் எழுத்தில் வேண்டும், அதுவும் உரிமையாளர் பெயரைச் சரியாகப் போட்டு. வாடகைக்கு எடுத்த கம்பெனியிடமிருந்து வாங்கிவிட்டு உரிமையாளரிடம் கெடு தவறியவர்கள் உண்டு.

ரீல்ஸை இப்போதே காட்டவேண்டாம். முதலில் ஐந்து நிமிஷத்தில் மூடினோம் என்று அவர்கள் எழுத்தில் உறுதி செய்யட்டும். உத்தரவாதக் கடிதம் மாதக் கடைசிக்குள் வராவிட்டால் ஏஜெண்ட் ஆபீஸில் அந்த உரிமையாளரின் அடுத்த கப்பல் எந்த இந்தியத் துறைமுகத்துக்கு வருகிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.